பாசின்னு நினைச்சது, இறால் வளை

இந்த எபிசோடை ஓசூர்ல இருந்து பேசுறேன். கடல் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழசு. அதுல இறால் வளை தேடினா கிடைக்காது, அன்னிக்கு இறாலே கிடையாது. அதனால அரியலூர் போவோம்.

10 கோடி ஆண்டு வாக்கில் அங்கே கடல் இருந்தது. அந்தப் பாறைகளை உத்தட்டூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து 1862-ல் எழுதினார் ஹென்றி பிளான்ஃபோர்டு. பிறகு ஸ்டோலிச்கா வந்து சிப்பி, நத்தை, அம்மோனைட் எல்லாத்தையும் தொகுதி தொகுதியாக விவரித்தார். உடம்பு உள்ளதுக்குத்தான் அன்னிக்கு மதிப்பு. கல்லுக்குள்ள விரல் தடிமனில் கிளை பிரிஞ்சு ஓடுற குழாய்கள்? அந்த மாதிரி உருவங்களை உலகம் முழுக்கவே ரொம்ப நாள் கடற்பாசிக் கணக்குல எழுதிட்டாங்க. 1891-ல் ஸ்வீடனின் லுண்ட்கிரன் ஒண்ணுக்கு ‘ஓபியோமார்பா’ன்னு பேர் வச்சார். பாம்பு உருவம்னு அர்த்தம். பாம்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

முடிச்சு அவிழ்ந்தது 1964-ல். அமெரிக்காவின் வெய்மர், ஹோய்ட் இருவரும் ஜார்ஜியா கடற்கரையில் அலை ஏறி இறங்குற மணலில் கலியனாசாவின் வளையைப் பார்த்தாங்க. கலியனாசா இறாலுக்கு உறவான உயிரி. மணல் சரியும் இல்லையா, அதனால அது மணலையும் சேற்றையும் தன் கோழையில் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகச் சுவரில் ஒட்டுது. நம்ம ஊர்ல கிணத்துக்கு உறை இறக்குறோமே, அதே வேலை. உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் கரடுமுரடு. ஓபியோமார்பாவும் அப்படியேதான் இருந்தது.

கெட்டிச் சேற்றில் வளை சரியாது. அங்கே பூச்சு எதுக்கு? வழவழப்பான வெறும் குழாய்தான். அதுக்குக் கல்லில் ‘தலாசினாய்டஸ்’னு வேற பேர். அதாவது, ஒரே மாதிரி உயிரி தோண்டினாலும் தரை மாறினா வளை மாறும், பேரும் மாறும். அரியலூர், திருச்சிப் பாறைகளில் ரெண்டுமே பதிவாகியிருக்கு. சிப்பியை அலை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வளையை உருட்ட முடியாது. அது இருக்கிற இடம்தான் அன்றைய கடல் தரை.

சிக்கல் இதுதான்: பல இடங்களில் அது கண்ணுக்குத் தெரிவதே சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுவதால். வெட்டின கல் அடுத்து கிரஷருக்குப் போகும். அந்தப் பக்கம் போற நண்பர்கள், அனுமதி வாங்கிட்டுப் போங்க. கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. எது மேல்பக்கம், எந்த அடுக்கு, மணலா களிமண்ணான்னு குறிச்சு வையுங்க.