தீப்பெட்டி லேபிலின் எழுத்து

தமிழ் அச்சு வரலாற்றைத் தரங்கம்பாடியில் தொடங்கித் திருமறையோடு முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். அதன்பின் மிஷன் அச்சகங்களின் பெருங்கவலை எழுத்தைச் சிறிதாக்குவதே. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹன்ட் என்பார் 19ஆம் நூற்றாண்டில் செய்த பணியும் இவ்வழிப்பட்டதே. கையடக்கமான வேதாகமத்திற்கு அது இன்றியமையாதது.

ஆயினும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து எளிய மக்கள் அன்றாடம் கண்ட அச்செழுத்து வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். லேபிலுக்காக அச்சுத்தொழிலும் இங்கு வேரூன்றியது. கல்லச்சில் ஈய எழுத்துக் கோப்பதற்கு வேலையில்லை. ஓவியரே எழுத்தையும் வரைந்தார். நேரே கல்லில் வரையின் இடவலமாக மாற்றி வரைய வேண்டும். வண்ணத்திற்கொரு கல்.

இரண்டு விரல் அகலமே உள்ள லேபிலில், மலிவான தாளில், ஒரு வண்ணம் சற்றே விலகினாலும் மெல்லிய கோடு மறைந்துபோகும். தமிழின் சிறு சுழிகள் மையேறி அடைபடும். எனவே எங்கும் ஒரே தடிப்புள்ள கோடுகளும், வளைவுக்குப் பதிலாக மூலைகளும், சுழிக்குப் பதிலாகச் சதுரமும் கொண்ட எழுத்து அங்கே பொருத்தமாயிற்று. எழுதுகோலின் மெலிவும் தடிப்பும் அதில் இல்லை. பட்டாசு உறைகளிலும் நாட்காட்டிகளிலும் அதுவே பரவியது. நம் கன்வென்ஷன் சுவரொட்டிகளும் அதை ஏற்றுக்கொண்டன. (மேலைநாட்டு விளம்பர எழுத்தின் சாயலும் அதில் உண்டு எனலாம்.) ஆப்செட் வந்த பின்னரும் ஓவியர் கையே அதை எழுதியது, அக்கையை ஓயச் செய்தது கணினியே. வரைந்தவர் பெயர் லேபிலில் இராது.

இதே மண்ணில் 1854இல் வடதிருநெல்வேலி ஊர்சுற்று ஊழியத்தைத் தொடங்கிய சி.எம்.எஸ். மிஷனெரி ராக்லண்டு 1858இல் சிவகாசியில் மரித்தார். அவருடைய வழிவந்தோர் பள்ளிகளை நிறுவியதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் 1970களிலும் 1980களிலும், விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிவந்தன என்பதையும் அவ்வரலாற்றுடன் சேர்த்தே எழுதவேண்டும். கட்டை அடுக்குதலும் லேபில் ஒட்டுதலும் அவர்களுக்குரிய வேலைகளாயிருந்தன. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. நடைமுறை மாறப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை அந்தத் தடித்த எழுத்தைத் தொட்டு ஒட்டிய பிள்ளைகளுள் பலர் அதை வாசிக்கக் கல்லாதவர்கள்.