யயாதியின் சாபமும் ஹால்டேனின் விடையும்

மகாபாரதத்தில் வரும் யயாதி மன்னனின் கதை நேயர்கள் அறிந்ததே. சுக்கிராசாரியாரின் சாபத்தால் அகால மூப்பை எய்திய அவன், தன் மக்களை ஒவ்வொருவராக அழைத்து இளமையை இரந்தான். கடைசி மகன் பூரு ஒருவனே அதனை ஈந்தான். முதுமையைச் சாபமாக எண்ணுவது மிகப் பழைய வழக்கம். அதனை வெல்ல நம் சித்தர்கள் காயகற்பம் தேடினர். உடல் ஏன் தளர்கிறது என்னும் வினாவுக்கு விஞ்ஞானம் கண்ட விடையின் வரலாறோ, நான் வாழும் கல்கத்தா நகரோடு தொடர்புடையது.

சால்ட் லேக்கிலிருந்து புறவழிச் சாலையில் தெற்கே சென்றால் அறிவியல் நகரம் வரும். அது அமைந்துள்ள சாலைக்கு ஜே. பி. எஸ். ஹால்டேனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1892-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த அவர், 1957-இல் இங்கிலாந்தைத் துறந்து, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றக் கல்கத்தாவுக்கு வந்தார். அன்று சால்ட் லேக் சதுப்பு நிலம். 1961-இல் அவர் இந்தியக் குடிமகனானார்.

இங்கு வருமுன்னரே, 1941-இல் வெளியான நூலொன்றில், ஹண்டிங்டன் நோயைப் பற்றி அவர் சிந்தித்திருந்தார். மூளையைச் சிதைக்கும் இப்பரம்பரை நோய் பெரும்பாலும் முப்பது வயதுக்குப் பின்னரே தலைகாட்டும். அதற்குள் நோயாளிக்கு மக்கள் பிறந்துவிடுவர்; நோயின் வித்தும் அவர்களிடம் சேர்ந்துவிடும். இளமையிலேயே கொல்லும் தீங்கை இயற்கைத் தேர்வு களைந்துவிடும். காலந்தாழ்த்தி வரும் தீங்கு அதன் கண்ணில் படுவதில்லை.

இக்கருத்தைப் பீட்டர் மெடாவர் 1951-இல் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் விரித்தார். விபத்தாலும் பசியாலும் பகையாலும் பெரும்பாலான உயிர்கள் முதுமைக்கு முன்பே மடிகின்றன. ஆகவே, பிற்காலத்தில் மட்டும் வெளிப்படும் குறைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வந்தன. 1957-இல் அமெரிக்கரான ஜார்ஜ் வில்லியம்ஸ், இளமையில் நன்மை தரும் பண்பே முதுமையில் தீமையாகலாம் என்றார். 1977-இல் டாம் கர்க்வுட் வேறொரு கணக்கைக் காட்டினார். கல்கத்தாவில் தேநீர் அருந்தும் மண் கோப்பையை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை பயன்பட்டபின் உடைந்துபோகும் கோப்பைக்குக் குயவர் மிகுந்த உழைப்பைச் செலவிடுவதில்லை. இயற்கையும் உடலைச் செப்பனிட அளவாகவே செலவிடுகிறது. எஞ்சியதை மக்களைப் பெறுவதற்கு ஒதுக்குகிறது.

இவ்விளக்கங்களின்படி, மூப்பு எவரும் இட்ட சாபமுமன்று; நாள் குறித்து எழுதிய தீர்ப்புமன்று. பழுதுகள் சிறிது சிறிதாகச் சேர்வதே மூப்பு. பழுதெனில், அவற்றுள் சிலவற்றையேனும் திருத்தலாம் அல்லவா? 1951-ஐ ஒட்டிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று ஏறத்தாழ 70. சிசு மரணமும் தொற்றுநோயும் குறைந்ததே இதற்கு முதற்காரணம். அதனால் முதுமையைக் காணும் பேறு பலருக்கும் கிட்டியுள்ளது.

ஹால்டேனுக்கு அப்பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. புற்றுநோயால் 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் பயிற்சிக்காக அளிக்கப்பட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊரிலிருக்கும் என் தந்தையார் தொலைபேசியில், "கண் சரியாகத் தெரியவில்லை, வயதாயிற்று" என்பார். நானும் அதை விடையாக ஏற்று வாளாவிருந்தேன். இரண்டாண்டுகள் கழித்து, விடுமுறையில் சென்றபோதுதான் அது கண்புரை என்று தெரிந்தது. எளிய அறுவையில் பார்வை மீண்டது. அவர் நாளிதழ் படிக்காதிருந்த அந்த இரண்டாண்டுகளை என்னால் மீட்டுத்தர இயலவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கும் பெற்றோர் தொலைவிலேயே உள்ளனர். வயது ஒரு காரணமாகலாம், நோயின் பெயராகாது. சென்னை கிண்டியில் முதியோருக்கெனத் தேசிய மருத்துவ மையமொன்று 2024-இல் திறக்கப்பட்டது. பூருவைப்போல் இளமையைக் கொடுக்க நம்மால் ஆகாது. "வயதாயிற்று" என்று அவர்கள் சொல்லும்போது, "என்ன செய்கிறது?" என்று மறுபடியும் கேட்க நம்மால் ஆகும்.