கண்டியைக் கண்ட கண்ணாடிக் கண்கள்

கண்டி மன்னர் வரிசையில் இறுதியாக வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முகத்தை இன்று அறிய விரும்புவோர் ஓவியங்களையே நாட வேண்டியவராவர். 1815-ல் முடியிழந்து, பின்னர் வேலூர்க் கோட்டையிற் சிறை வைக்கப்பெற்ற அம்மன்னன், 1832-ல் அங்கேயே உயிர் நீத்தான். பிரெஞ்சு நாட்டவரான தாகேரின் ஒளிப்படக் கலை உலகறிய வெளியானதோ 1839-ல். ஏழே ஆண்டு இடைவெளியில் ஓர் அரசமுகம் ஒளிப்படத்துக்கு எட்டாமற் போயிற்று. ஆயினும் அவன் அமைத்த வாவியும், தலதா மாளிகையின் முகப்பில் அவன் காலத்தில் எழுந்த எண்கோண மண்டபமும் அவ்வாறு போய்விடவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஒளிப்படக் கலைஞர் கண்டிக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜோசப் லோட்டன். 1860-களின் பிற்பகுதியிற் கண்டியில் ஒளிப்படத் தொழில் நடத்திய இவர், 1870, 1871 ஆகிய ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படமெடுத்தார். 1872-ல் மறைந்தார். அவருக்குப் பின் கண்டியில் நிலையம் அமைத்த சார்ள்ஸ் ஸ்கோவன், மரஞ்செடிகளை எடுத்த அழகிய படங்களாற் புகழ்பெற்றார்.

அக்காலத்து ஒளிப்படக் கருவி ஒரு பெரிய மரப்பெட்டி. அதன் முன்னே பித்தளைக் குழாயினுள் ஒரு வில்லை. அவ்வில்லையின் குவியத்தூரம் மாறாதது. காட்சி பெரிதாக வேண்டுமெனில் கலைஞர் பெட்டியையும் முக்காலியையும் சுமந்துகொண்டு முன்னே நடக்க வேண்டும். சிறிதாக வேண்டுமெனிற் பின்னே நடக்க வேண்டும். அன்றேல் வேறொரு வில்லையை மாட்ட வேண்டும். நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அன்று பாதித் தொழிலாயிற்று.

இத்துணைத் தொல்லைக்கு ஈடாகக் கிடைத்தது யாது? தெளிவு. ஒரே குவியத்தூரத்துக்கென வகுக்கப்பெற்ற வில்லையிற் சில கண்ணாடித் துண்டுகளே போதும்; குறைகளையும் அந்த ஒரு நிலைக்கெனத் திருத்திவிடலாம். 1866-ல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கண்ட வில்லை, நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டியது. கற்றூண்களையும் மண்டபங்களையும் எடுப்போருக்கு இது பெரும் பேறு.

எனினும் வில்லையின் தெளிவு மட்டுமே படத்தின் சிறப்பாகிவிடாது. 1875-ல் இலங்கைக்குக் குடிவந்து, 1879-ல் மலைநாட்டின் டிக்கோயாப் பகுதியிற் காலமான ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார், தம் உருவப்படங்களை வேண்டுமென்றே மென்மையாக மங்கவிட்டவர். கூர்மை குறைந்ததென அன்றைய இதழ்கள் குறைகூறிய அப்படங்களே இன்று உலகக் கலைக்கூடங்களில் இடம்பெற்றிருக்கின்றன.

நடக்காமலே காட்சியை நெருக்கவும் விலக்கவும் வல்ல ஸூம் வில்லை, திரைப்படக் கருவிகளில் 1930-களிலேயே பயன்பட்டது. நிலைப்படக் கருவிக்கு அது வந்தது 1959-ல். வொய்க்ட்லாண்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஸூமார்’ என்பது அதன் பெயர். 1840-ல் பெட்ஸ்வால் கணித்த முதற் சிறந்த உருவப்பட வில்லையை வியன்னாவிற் செய்தளித்ததும் இதே நிறுவனந்தான்.

ஸூமாரில் 14 கண்ணாடித் துண்டுகள் 11 தொகுதிகளாக அமைந்தன. எனவே காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் 22. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். புகழ்பெற்ற டெஸ்ஸார் வில்லையின் ஆறு பரப்புகளைக் கடந்து நூற்றுக்கு 78 பங்கு ஒளி செல்லுமெனில், 22 பரப்புகளைக் கடந்து 41 பங்கே செல்லும். திரும்பிய ஒளியோ உள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா கண்ட மென்பூச்சு இத்தடையைப் பெரிதும் நீக்கியது. கணினிகள் வந்தபின் எண்ணற்ற கதிர்களின் பாதைகளை விரைந்து கணிக்க முடிந்தது. இன்றைய நல்ல ஸூம் வில்லை, தெளிவில் நிலைக்குவிய வில்லையை மிக நெருங்கிவிட்டது.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே எஞ்சி நிற்கிறது? கண்டியின் எசல பெரஹரா இரவே அதற்கு விடை கூறும். தேங்காய்க் கொப்பறை எரியும் பந்தங்களின் செவ்வொளியில் யானைகள் அசைந்து வருகின்றன, நடனக்காரர் சுழல்கின்றனர். 50 மில்லிமீற்றர் நிலைக்குவிய வில்லையின் துவார எண் 1.8 எனின், அதன் வாய் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் அகலம். மலிவான ஸூம் வில்லையின் எண் அதே குவியத்தூரத்தில் 5.6 எனின், அகலம் 9 மில்லிமீற்றரே. முன்னதிற் புகும் ஒளி ஏறத்தாழப் பத்து மடங்கு. முன்னது நூறில் ஒரு விநாடியிற் பிடிக்கும் காட்சிக்குப் பின்னது பத்தில் ஒரு விநாடி கேட்கும். அதற்குள் நடனக்காரரின் கை வெறும் புகையாகக் கலைந்துவிடும்.

ஆனால் வீதியோரத்தில் நெருங்கி அமர்ந்திருப்பவர் ஓரடியும் நகர இயலாது. பேழை சுமந்த யானை தொலைவில் தோன்றி, அருகே வந்து, கடந்துபோகும்வரை ஒரே வில்லையாற் பின்தொடர வல்லது ஸூம் ஒன்றே. அகன்ற துவாரமுடைய ஸூம் வில்லைகளும் உண்டு. அவற்றின் விலையும் எடையும் எல்லோருக்கும் ஏற்றவையல்ல.

ஆகவே, எது சிறந்தது என்னும் வினாவுக்கு முன், எங்கே நிற்கப் போகிறோம், அங்கே எவ்வளவு ஒளி இருக்கும் என்னும் இரு வினாக்கள் எழ வேண்டும். நடக்க இடமும் பொறுத்திருக்க நேரமும் உள்ளவருக்கு நிலைக்குவிய வில்லை குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும். இடம் கட்டுண்டவருக்கு ஸூம் கைகொடுக்கும். லோட்டனுக்கு அத்தகைய தேர்வு வாய்க்கவில்லை. இருந்த வில்லையைச் சுமந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தேடி நடந்தார். அந்நடையின் பயனாகவே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு காடு மூடிக்கிடந்த நகரங்களை இன்று நம் கண்கள் காண்கின்றன.