நகரை மீட்ட வணிகர்

காந்தியடிகள் 1915ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவை விட்டு இந்தியாவுக்கு மீண்டபின், தம் ஆச்சிரமத்தை அமைக்க அகமதாபாத்து நகரைத் தேர்ந்தெடுத்தார். கைத்தறி நெசவுக்கு அது பழம் பெரும் நிலையமாயிருந்தது ஒரு காரணம். அந்நகரத்துச் செல்வர் பொருளுதவி புரிவர் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். செல்வத்தைத் துறந்தவர் செல்வரை நம்பி ஓர் ஊருக்கு வந்தார் என்றால், அச்செல்வர் எத்தகையோர் என்று அறிய நமக்கு ஆவல் எழுவது இயல்பே. நம் நாட்டிலிருந்து செல்லும் யாத்திரிகர் பலர் சபர்மதி ஆற்றங்கரையில் ஆச்சிரமத்தைத் தரிசித்துவிட்டு அடுத்த ரெயிலைப் பிடிக்கின்றனர். ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள பழைய நகரத்துக்குள் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்பேன்.

குசராத்துச் சுலுத்தான் அகமது சா 1411இல் அமைத்த நகரம் இது. பத்ரக் கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் மூன்று வளைவுகள் கொண்ட பெருவாயில் ஒன்றைக் கடந்து, 1424இல் கட்டி முடிக்கப்பட்ட சும்மா மசூதியை அடையலாம். உள்ளே இருநூற்றறுபது தூண்கள் நிற்கின்றன. தாமரையும் கொடியும் செதுக்கிய அத்தூண்களைப் பார்ப்போர்க்குக் கோயில் மண்டபமொன்றில் நிற்பது போன்ற எண்ணம் உண்டாகும். உள்ளூர்ச் சிற்பிகளின் கை அத்தகையது. 1819ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இதன் இரு கோபுரங்களும் மேற்பகுதி இழந்தன. 1573இல் எழுந்த சிதி சையது மசூதியின் சன்னலில், கல்லே மரமாகிக் கிளை பின்னி நிற்பதையும் காணத் தவறக்கூடாது.

மசூதிக்குக் கிழக்கே மாணிக்கச் சவுக்கம் என்னும் கடைவீதி. நகரைக் கண்ட அரசனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவன் வழிவந்த அரசியரின் சமாதியைச் சுற்றித் துணிக்கடைகள் நெருங்கி நிற்கின்றன. பகலில் நகை வணிகம். கடைகள் அடைத்தபின் அதே இடத்தில் இரவெல்லாம் பலகார வணிகம். வேற்றூரில் அரசன் உறங்குமிடம் தோட்டமும் மௌனமுமாக இருக்கும். இங்கே தராசுகளின் நடுவே உறங்குகிறான். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. பொன், பட்டு, பருத்தி என்னும் மூன்று இழைகளிலேயே இந்நகரம் தொங்குகிறது என்பது பழமொழி.

அந்த இழைகள் அறுந்துபோகும் வேளையும் வந்தது. 1725இல் மொகலாயர் ஆட்சி தளர்ந்து, அதிகாரிகள் பதவிக்காகத் தமக்குள்ளே பொருதினர். மராட்டியப் படை நகரைச் சூறையாட முற்பட்டது. காக்க வேண்டியவர் காக்கவில்லை. அப்பொழுது நகரசேட்டாக விளங்கியவர் குசால்சந்து. சேட்டு என்னும் இச்சொல்லும் நமது செட்டி என்னும் சொல்லும் உறவுடையன என்பர். மொகலாய அரசவைக்கு இரத்தினம் விற்ற சாந்திதாசரின் பேரர் இவர். படைத்தலைவரிடம் பேசி, தம் சொந்தப் பொருளை ஈடாகக் கொடுத்து நகரை மீட்டார்.

நான் மிகுதியும் வியப்பது அதன் பின் நிகழ்ந்ததையே. பல சமயத்தைச் சேர்ந்த வணிகரும் கூடி, நகரில் முத்திரையிடப்படும் சரக்கில் நூறு ரூபாவுக்கு நாலணா வீதம் அவருக்கும் அவர் சந்ததிக்கும் கொடுப்பதென எழுதிக்கொடுத்தனர். பதினாறு அணா ஒரு ரூபா. ஆகவே நூறு ரூபாவுக்குக் கால் ரூபா. சிறு தொகைதான். ஆனால் வாளுக்கஞ்சிக் கொடுத்த வரியன்று அது. நன்றிக்கடனைத் தாமே கணக்கிட்டுத் தம்மீது விதித்துக்கொண்டது. நூறாண்டுக்குப்பின், 1830களில் மதில் இடிந்தபோதும், நெய் முதலிய பண்டங்களுக்கு வரி விதித்து அதைச் செப்பனிட்டனர். பின்னர் அமைந்த நகரசபைக்கு அதுவே வித்து.

இவ்வொற்றுமைக்கு அடிப்படை மகாசனம் என்னும் தொழிற்குழு. விலை, வேலை நேரம், விடுமுறை யாவற்றையும் அது வரையறுத்தது. மீறியவன் அபராதம் செலுத்த வேண்டும். குழுவின் நிதியிலிருந்து முடமான மாடுகளைப் பேணும் விடுதிகளும் பயன்பெற்றன. குடியிருப்பும் அவ்வாறே. போள் எனப்படும் தெருக்கள் ஒரே வாயிலுடையவை, இரவில் கதவடைப்பர். மரச்சிற்பம் நிறைந்த வீடுகளின் முற்றத்தடியில் மழைநீர்த் தொட்டியும், தெருமுனையில் பறவைக்குத் தானியமிடும் கூண்டுமேடையும் இருக்கும். இத்தெருக்களை முன்னிட்டே 2017இல் யுனெசுக்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுரிமை நகராக ஏற்றது. எனினும் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வசதி தேடி ஆற்றுக்கு அப்பால் குடியேறியோரைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

தில்லி வாசலுக்கு வெளியே வெண்சலவைக் கல்லில் ஒரு சமணக் கோயில் உள்ளது. பதினைந்தாம் தீர்த்தங்கரரான தருமநாதருக்குரியது. முற்றத்தைச் சுற்றி ஐம்பத்திரண்டு சிறு சன்னிதிகள். பட்டு வணிகரான அத்தீசிங்கர் அதைத் தொடங்கி, 1845இல் கோயில் முற்றுப்பெறுமுன் காலமானார். மனைவி அர்க்குன்வர் அம்மையார் பணியைத் தாமே மேற்பார்த்து 1848இல் பிரதிட்டை செய்வித்தார். செலவு பத்து இலட்சம் ரூபா அளவென்பர். பஞ்ச காலத்தில் எத்தனையோ கைவினைஞருக்கு அது சோறிட்டது. கோயிலைக் காட்டுவோர் இன்றும் அத்தீசிங்கரின் பெயரையே சொல்கின்றனர். அங்கே செல்லும் நேயர்கள் அம்மையாரின் பெயரையும் கேட்டு வாருங்கள்.