மண்ணின் பிள்ளைகள்: மாண்டிசோரி பண்ணை விடுதிப் பள்ளி

12 பிராயத்துக்கும் 18 பிராயத்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகள், வீட்டைப் பிரிந்து நாட்டுப்புறத்துப் பண்ணையொன்றில் கூடி வாழ்ந்து, உழுதும் விதைத்தும் விளைந்ததை விற்றுக் கணக்கெழுதியும், அந்த உழைப்பினூடே விஞ்ஞானமும் சரித்திரமும் ஒன்றுக்கு மேற்பட்ட பாஷைகளும் பயிலுகின்ற வித்தியாசாலைக்கு மரியா மாண்டிசோரி அம்மையார் (1870–1952) இட்ட பெயர் 'எர்ட்கிண்டர்' என்பது. ஜெர்மன் மொழியில் மண்ணின் பிள்ளைகள் என்று அதற்குப் பொருள். மாண்டிசோரி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழுவது, மரக்கட்டைகளையும் மணிச்சரங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு பாயில் அமர்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தையின் சித்திரமே. அக்குழந்தை வளர்ந்து மீசை அரும்பும் பருவத்தை எய்தும்போது அதற்கு என்ன செய்வது என்பதையும் அம்மையார் ஆழ்ந்து சிந்தித்திருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாமற் போனது, நம் கல்வி வரலாற்றில் நேர்ந்த நஷ்டங்களுள் ஒன்று.

1907 ஜனவரி 6 அன்று ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கென்று அம்மையார் திறந்த இல்லத்திலிருந்து மாண்டிசோரி முறை தொடங்குகிறது. மனித வளர்ச்சியை ஆறாறு ஆண்டுகள் கொண்ட நான்கு பருவங்களாகப் பகுத்த அவர், 12 முதல் 18 வரையுள்ள மூன்றாம் பருவத்தைத் தனிக் கவலையுடன் நோக்கினார். வைத்தியக் கல்வி பெற்றவராதலின், அப்பிராயத்துச் சரீரம் பச்சிளங் குழந்தையின் சரீரத்தைப் போலவே நொய்ம்மையானது என்றும், அந்த வேளையில் பரீட்சைப் பாரத்தைச் சுமத்துவது தகாது என்றும் அவர் கருதினார். 1930இல் ஆம்ஸ்டர்டாமில் மாண்டிசோரி உயர்நிலைப் பள்ளி ஒன்று தோன்றிற்று. அது நகரத்துப் பள்ளி. 1936இல் ஆக்ஸ்போர்டில் கூடிய சர்வதேச மாண்டிசோரி மாநாட்டுக் காலத்தையொட்டிப் பண்ணைப் பள்ளி பற்றிய கருத்து உருப்பெற்று, பின்னர் 1948இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நூலொன்றில் இடம்பெற்றது.

அந்தத் திட்டத்தின் நுட்பம் அதன் விவரங்களில் இருக்கிறது. பிள்ளைகளைக் குடியானவர்களாக்குவது அதன் நோக்கமாக இருந்ததில்லை. நாகரிகம் பிறந்த இடம் வயல் ஆதலால், நாகரிகத்தை அறிய விரும்புகிறவன் அங்கிருந்தே புறப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. மண்ணின் உவரை ஆராயப் புகுந்தால் ரசாயனமும், விதையைப் பிளந்து பார்த்தால் தாவர சாஸ்திரமும், சந்தைக்குப் போய் வந்தால் கணக்கும் தாமாகவே வந்து சேரும். பண்ணையோடு ஒரு கடையும், பார்க்க வரும் பெற்றோர் தங்குவதற்குப் பிள்ளைகளே நடத்தும் ஒரு விடுதியும், யந்திரங்களைத் தொட்டும் கழற்றியும் பூட்டியும் அறிவதற்கு ஒரு காட்சிசாலையும் இருக்க வேண்டும் என்றார். சொந்த உழைப்பால் நாலு காசு சம்பாதித்துப் பார்த்த பிள்ளைக்கு உண்டாகும் சுயமரியாதையை எந்தப் போதனையாலும் உண்டாக்க இயலாது என்ற அவருடைய நம்பிக்கை, எனக்கு இத்திட்டத்தின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. முன்னாளில் ஒரு பாஷை போதுமாயிருந்தது, இக்காலத்தில் பல பாஷைகள் இன்றியமையாதவை என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்தத் திட்டத்தை மனத்தில் சுமந்துகொண்டுதான் அம்மையார் 1939 நவம்பரில், தம் குமாரர் மாரியோவுடன் சென்னைக்கு வந்து இறங்கினார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். அடையாற்றின் தென்கரையில், ஆல்காட் தோட்டத்தில் எழுப்பிய ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதற் பயிற்சி வகுப்புக்குப் பல மாகாணங்களிலிருந்தும் 300 பேருக்கு மேல் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, கேட்டவர்கள் தத்தம் தாய்மொழிக்கு எடுத்துச் சென்றனர். பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920லேயே குஜராத்தியில் இம்முறையை நடத்திக் காட்டியிருந்தார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மாண்டிசோரி முறை நம் நாட்டில் தாய்மொழியின் மடியிலும் வளர்ந்தது.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தபோது மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. 70ஆம் பிறந்த நாளையொட்டி மாரியோவை அவரிடம் சேர்ப்பித்தனர். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், 6 முதல் 12 வரையுள்ள பிராயத்தினருக்கான பிரபஞ்சக் கல்வி விரிவாக உருவாயிற்று. அதற்கு அடுத்த படியே பண்ணை. அந்தப் படியை அவர் தம் வாழ்நாளில் கட்டி முடிக்கவில்லை. 1949இல் இந்தியாவை விட்டுச் சென்றவர், மூன்றாண்டுகளில் ஹாலந்து தேசத்தில் காலமானார்.

இத்தகைய பண்ணைப் பள்ளிக்கு ஏற்ற பூமி அந்நாளில் அடையாற்றுக்குத் தெற்கே தாராளமாகக் கிடந்தது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. நல்ல காற்றை நாடி டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய்ச் சிகிச்சை நிலையத்தை அமைத்தது தாம்பரத்தில்தான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகரத்து நெரிசலைத் துறந்து, சேலையூர்ப் பக்கத்தில் சுமார் 365 ஏக்கர் நிலத்தில் விடுதிகளோடு குடியேறியது; அங்கே ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவியாரும் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இளைஞர்களை நாட்டுப்புறத்தில் வாழ வைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம், அம்மையார் வருவதற்கு இரண்டாண்டு முன்பே இவ்வட்டாரத்தில் செயலாகியிருந்தது. அதே 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1931இல் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தவர் அவர். ஆதாரக் கல்வி 7 முதல் 14 வரையுள்ள பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. கையின் உழைப்பை அறிவின் வாயிலாகக் கொண்ட இரு மகான்களின் திட்டங்களும் ஒரே தேசத்தில் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளாமற் போயின. வயல்களும் ஏரிக்கரைகளும் வீட்டு மனைகளாகிவிட்ட இன்றைய வேளச்சேரியையும் மேடவாக்கத்தையும் கண்டவர்கள், தவறிய தருணத்தின் அருமையை உணர்வார்கள்.

வெளிநாடுகளில் இத்திட்டம் பின்னாளில் கைகூடிற்று. அமெரிக்காவில் ஒஹையோ ராஜ்யத்து ஹண்ட்ஸ்பர்க்கில் 2000ஆம் ஆண்டு பண்ணைப் பள்ளி ஒன்று விடுதியுடன் தொடங்கியது. நம் பக்கத்திலோ, 2010இல் திருக்கழுக்குன்றத்துக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையினர் நிறுவிய 'பாடசாலை' என்னும் விடுதிப் பள்ளியை நெருங்கிய உறவாகக் கொள்ளலாம். அது மாண்டிசோரியின் பெயரைத் தாங்கியதன்று; ஆயினும், அடையாற்றுத் தோட்டங்களில் வளர்ந்த கிருஷ்ணமூர்த்தியின் வழிவந்தோர், வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, சூரிய சக்தியால் விளக்கேற்றி, கழிவையும் எருவாக்கி மண்ணுக்கே திருப்பி, நாட்டுப்புறத்தில் அந்தப் பள்ளியை நடத்துகிறார்கள்.