சனிக்கிழமைச் சந்தையிலிருந்து தூப் டப்பா வரை

புணே–நாசிக் நெடுஞ்சாலையில் சாகணைக் கடப்பவர் கண்ணில் முதலில் படுவது புதுக் கார்களை ஏற்றிய நீண்ட லாரிகள். 2009இல் ஃபோக்ஸ்வாகன் ஆலை திறந்த ஊர் இது. வெங்காய மண்டிக்கும் பேர்போனது. ஆனால் சனிக்கிழமைச் சந்தையில் மாடும் எருமையும் இன்னும் கைமாறுகின்றன. ஓர் உருண்டை வெண்ணெயின் பிறப்பு, அங்கே வாங்கிய எருமையின் மடியில்.

கறந்த பால் வாசலிலேயே இரண்டாகப் பிரியும். பெரும்பங்கு கேனில் ஏறிச் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே கொழுப்பை அளந்து விலை போடுவார்கள். எருமைப் பாலில் அது 6 முதல் 7 சதவீதம், பசும்பாலில் 4ஐ ஒட்டி. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணும் அங்கே காசுதான். வீட்டுக்கென்று நிறுத்திக்கொண்ட பாலை யாரும் அளப்பதில்லை. அது நேராக அடுப்புக்குப் போகிறது.

பச்சைப் பாலிலேயே க்ரீமைப் பிரித்துக் கடைவது ஐரோப்பியப் பண்ணைகளின் பழைய வழக்கம். இங்கே பால் முதலில் பொங்க வேண்டும். காசநோய்க் கிருமியும் புருசெல்லா கிருமியும் காய்ச்சாத பால் வழியே ஆளுக்கு வரக்கூடியவை. பொங்கும் சூட்டில் இரண்டும் சாகும். இறக்கி வைத்த பாலைக் கலக்காமல் ஆறவிட்டால், எருமைப் பாலில் ஆடை மெல்லிய தோசையைப் போலச் சுருட்டி எடுக்கும் அளவுக்குத் தடிக்கும். மராத்தி வீடுகளில் அதுதான் ‘சாய்’. அன்றாடம் டீக்குக் காய்ச்சும் பாலிலிருந்து கிடைப்பது. வெண்ணெய்க்கென்று யாரும் தனியாகப் பால் வாங்குவதில்லை.

சாய் சேரும் டப்பாவில் ஒரு கரண்டி உறைமோர் விழும். ஒரு வாரமோ பத்து நாளோ ஃபிரிஜ்ஜில் கிடந்து, கடைவதற்கு முந்தைய இரவு வெளியே வந்து புளிக்கும். வெண்ணெயின் மணம் பெரும்பாலும் இந்தப் புளிப்பில் உண்டாவது. க்ரீமைப் பல நாள் புளிக்கவிட்ட பால்சன் கம்பெனி வெண்ணெய்க்குப் பழகிய பம்பாய்க்காரர்களுக்கு, புது க்ரீமில் செய்த அமுல் வெண்ணெய் முதலில் சப்பென்றிருந்ததாம்.

பிறகு ‘ரவி’ என்னும் மத்து. பாலில் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். கடையக் கடையச் சவ்வு கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று ஒட்டும். சூடு மிஞ்சினால் கொழுப்பு உருகி வழுக்கும், திரளாது. குளிர் மிஞ்சினால் கட்டித்துப்போய் ஒட்டாது. அதனால் மே மாதத்தில் ஐஸ் தண்ணீரும் டிசம்பரில் வெதுவெதுப்பான நீரும் சேர்க்கிறார்கள். மத்தின் சத்தம் கனத்ததும் ‘லோணி’ என்னும் வெண்ணெய் மிதக்கிறது. நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுவார்கள். மோர் தங்கினால் சீக்கிரம் கெட்டுவிடும்.

லோணி வெள்ளை வெளேரென்றிருக்கும். தீவனத்தின் மஞ்சள் கரோட்டினை எருமை தன் உடலிலேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பசு அதில் ஒரு பங்கை அப்படியே பாலுக்கு விடும். கம்பு ரொட்டியான பாஜ்ரி பாக்ரியிலும் பல மாவு அடையான தாலிபீட்டிலும் ஓர் உருண்டை போக, மிச்சத்தை அதிக நாள் வைக்க முடியாது. கடையில் விற்கும் டேபிள் பட்டரில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கையால் திரட்டியதில் நீர் கூடுதலாகத் தங்கும், உப்பும் கிடையாது.

எனவே உருக்குகிறார்கள். நாம் முருங்கைக்கீரை போடும் இடத்தில் இங்கே வெற்றிலை. வெண்ணெய் ‘தூப்’ என்னும் நெய்யாகி டப்பாவுக்குப் போகும். பருப்புச் சோற்றுக்கு அதில் ஒரு கரண்டி. ஆடையோடு வந்த புரதம் அடியில் சிவந்து ‘பேரி’ ஆகும். நம் வீட்டுக் கசண்டுதான், சர்க்கரை தூவினால் பிள்ளைகளுக்குத் தீனி. மோர் ஏற்கெனவே ‘கடி’ என்னும் மோர்க்குழம்பாகிவிட்டது.

இந்தப் பயணம் இப்போது தடைபடுவது முதல் கட்டத்திலேயே. ஆலைகளைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களுக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான்; ஹோமோஜனைஸ் செய்திருந்தால் துளிகள் பொடிப்பொடியாகிச் சரியாக மேலே வராது, ஆடை மெலியும். அதனால் அங்கே லோணி எடுக்க நினைக்கும் குடும்பம் முதலில் விசாரிப்பது, எருமைப் பால் ஊற்றும் பால்காரர் அந்தப் பக்கம் வருகிறாரா என்பதைத்தான்.