கண்ணாடி மணி (கீழடி)

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், வைகைக்கரை ஊரான கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வில் கிடைத்த அணிபொருள். சூதுபவளம், அகேட் மணிகளுடன் பல நிறக் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. மணி கிடைத்ததாலேயே இங்கு கண்ணாடிப் பட்டறை இருந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். அதற்குச் சூளையும் உருக்குக் கழிவும் சான்றாக வேண்டும். அத்தகைய சான்றுக்கு எடுத்துக்காட்டாக, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மணி செய்த கழிவுகள் ஏராளம்.

தென்னகத்தின் தனிச்சிறப்பு இழுப்பு முறை. உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழலில் ஏற்றி, நடுவே துளை விழச் செய்து, சூடு ஆறுமுன் நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பர். துளை கடைசிவரை அடைபடாமல் இருப்பதில்தான் கைத்திறன். குழாயைத் துண்டுகளாக நறுக்கி, ஒட்டிக்கொள்ளாதிருக்கச் சாம்பலுடன் கலந்து மறுபடி சூடேற்றினால் கூர்விளிம்பு மழுங்கி மணியாகும். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. பெரும்பாலானவை 6 மி.மீ.க்கும் சிறியவை, ஆகவே ஆய்வாளர் மண்ணைச் சலித்தே பொறுக்குகின்றனர். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

அலுவலக மேசைக்குரிய அலங்காரப் பேப்பர் வெயிட்டும் இந்த இழுப்பு முறைக்குத் தூர உறவே. 1845இல் வெனிஸின் கண்ணாடிக் கைவினைஞர் பியெத்ரோ பிகாலியா வியன்னாவில் காட்சிக்கு வைத்த பேப்பர் வெயிட்டுகளில் இருந்த பூக்கள், பல நிறக் கண்ணாடியை அடுக்கி இழுத்த கம்பிகளின் நறுக்குகள். இழுத்தபின் மணியில் எஞ்சுவது துளை, பேப்பர் வெயிட்டில் பூ.

கீழடிப் பொருள்கள் 2023 மார்ச் 5இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் உள்ளன.